தலைமையாசிரியர் அனுமதி போதுமா? மாணவர் மனநல ஆய்வை இதழுக்கு அனுப்பும் முன்

உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஆலோசகராக வேலை பார்க்கிறீர்கள். ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் 186 மாணவர்களிடம் மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்வி வினாத்தாளையும், தூக்கம், செல்போன் பற்றிய சில கேள்விகளையும் கொடுத்து நிரப்பி வாங்கியிருக்கிறீர்கள். தலைமையாசிரியர் வாய்மொழியாகச் சரி என்றார். மாணவர்களைப் பெயர் எழுதச் சொல்லவில்லை. இப்போது அதைக் கட்டுரையாக்கி, இளையோர் நலன் பற்றிய, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஓப்பன் அக்செஸ் ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்ப நினைக்கிறீர்கள். நீங்கள் கேட்டவை மூன்று. ஆறாயிரம் ரூபாய் கட்டினால் ஐந்தே நாளில் வெளியிடுகிறோம் என்று வந்த மின்னஞ்சலை நம்பலாமா? அனுப்பிய பிறகு கட்டுரைக்கு என்னதான் நடக்கும்? தலைமையாசிரியர் அனுமதி போதுமா?

சில ஆண்டுகளாக இத்தகைய கட்டுரைகளை மதிப்பாய்வு செய்து, அதாவது வெளியிடும் முன் இதழுக்காகப் படித்துக் குறை நிறை சொல்லி வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் மூன்றாவது கேள்விதான் கனமானது. ஆனால் பணக் கேள்விக்கு அவசரம் இருக்கிறது, அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

அந்த மின்னஞ்சலுக்குப் பணம் அனுப்பாதீர்கள். இரண்டு மதிப்பாய்வாளர்களைத் தேடி, அவர்கள் சம்மதித்து, படித்து, எழுதி, நீங்கள் திருத்தி, எடிட்டர் மறுபடி பார்க்க ஐந்து நாள் போதவே போதாது. மதிப்பாய்வாளர் கிடைப்பதற்கே சில வாரங்கள் ஆகும். 2013-இல் ‘சயன்ஸ்’ இதழுக்காக ஒரு செய்தியாளர், வேண்டுமென்றே பிழைகளை நிரப்பிய போலிக் கட்டுரையை 304 ஓப்பன் அக்செஸ் இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. ஐதராபாத்தைச் சேர்ந்த ஒமிக்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், 2019-இல் நீதிமன்றம் ஐந்து கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. முறையான மதிப்பாய்வு நடப்பதாகச் சொல்லி ஏமாற்றியதும், கட்டணத்தைக் கட்டுரையாளர்களிடம் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லாததும் அதில் முக்கியமான குற்றச்சாட்டுகள். ‘யுஜிசி கேர் அங்கீகாரம் பெற்றது’ என்று உங்களுக்கு வந்த மின்னஞ்சல் பெருமைப்படுகிறது. கேர் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி வைத்திருந்த இதழ்ப் பட்டியல். அந்தப் பட்டியலையே யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது.

அதற்காக, கட்டணம் வாங்குவதாலேயே ஓர் இதழ் போலி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். படிப்பவர் காசு கொடுக்காமல் படிக்க வேண்டும் என்பதுதான் 2002 புடாபெஸ்ட் அறிக்கையிலிருந்து ஓப்பன் அக்செஸின் அடிப்படை. செலவை வேறு யாராவது ஏற்றாக வேண்டும். சில இதழ்களில் கட்டுரையாளர் ஏற்கிறார். பெரிய வெளியீட்டாளர்களிடம் அது இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டுவதும் உண்டு. வேறு சில இதழ்களில் ஒரு சங்கமோ பல்கலைக்கழகமோ அரசோ ஏற்கும், எழுதுபவரும் கட்ட வேண்டியதில்லை. இதை டயமண்ட் ஓப்பன் அக்செஸ் என்கிறார்கள். 1990-களின் பிற்பாதியில் பிரேசிலில் தொடங்கிய சைலோ என்ற இணைய இதழ்த் தொகுப்பு இப்படித்தான் லத்தீன் அமெரிக்க இதழ்களைத் தாங்கி வந்திருக்கிறது. நீங்கள் முதலில் தேட வேண்டியது இந்த வகை இதழ்களைத்தான். ஏழை நாடுகளுக்கு வெளியீட்டாளர்கள் கட்டணச் சலுகை தருவது உண்மை. ஆனால் மொத்தப் பொருளாதாரம் பெரியது என்பதால், கேட்காமலே சலுகை கிடைக்கும் நாடுகளின் பட்டியலுக்குள் இந்தியா பெரும்பாலும் வராது. (இலங்கையிலிருந்து எழுதுபவர்களுக்குப் பல இடங்களில் தள்ளுபடி கிடைக்கும்.) நாம் தனியாக எழுதிக் கேட்க வேண்டும், அதுவும் கட்டுரையை அனுப்பும் முன்பே. கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு கேட்டால் பல இடங்களில் பரிசீலிக்கவே மாட்டார்கள்.

இதழைச் சோதிக்க ஒரு எளிய வழி சொல்கிறேன். டிஓஏஜே என்ற ஓப்பன் அக்செஸ் இதழ்களின் அடைவில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 2003-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது அது. தரம் போதாத மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்களை 2016-இல் ஒரே வீச்சில் நீக்கியது. பிறகு அந்த இதழில் வந்த கட்டுரைகளில் நான்கைந்தை முழுதாகப் படியுங்கள். வளரிளம் பருவம் பற்றிய கட்டுரைக்குப் பக்கத்தில் சிமெண்ட் கலவை பற்றிய கட்டுரை இருந்தால் விலகிவிடுங்கள்.

சரி, இப்போது அனுமதிக்கு வருவோம்.

போதாது. தலைமையாசிரியர் உங்களுக்குக் கதவைத் திறந்துவிடலாம், ஆனால் குழந்தையின் சார்பிலும் பெற்றோரின் சார்பிலும் அவர் சம்மதம் சொல்ல முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள் இதைத் தெளிவாகவே பிரிக்கின்றன. நிறுவனத் தலைவரின் அனுமதி தனி, பங்கேற்பவரின் ஒப்புதல் தனி. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ ஒப்புதல் தர வேண்டும். அத்தோடு மாணவரின் இசைவும் வேண்டும். ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வரை வாய்மொழியாக இசைந்தால் போதும், அதற்கு மேல் எழுத்தில் வேண்டும். உங்கள் ஒன்பதாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் பதினான்கு வயது. அவர்கள் எழுத்தில் இசைவு தந்திருக்க வேண்டும். விருப்பமில்லாத பிள்ளை தாளை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கவும் இடம் இருந்திருக்க வேண்டும். ஆலோசகரே வகுப்புக்கு வந்து தாளை நீட்டும்போது எந்தப் பிள்ளை ‘வேண்டாம் மிஸ்’ என்று சொல்லும்? அந்தத் தயக்கத்தை மனதில் வைத்துத்தான் இந்த விதியை எழுதியிருக்கிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், தரவு திரட்டும் முதல் நாளுக்கு முன்பே, நிறுவன நெறிமுறைக் குழு ஒன்றின் ஒப்புதல் வேண்டும். ஏழு முதல் பதினைந்து உறுப்பினர்கள், வெளி நிறுவனத்தைச் சேர்ந்த தலைவர், ஒரு சட்டம் தெரிந்தவர், ஒரு சமூகவியலாளர், துறை சாராத ஒரு சாதாரண மனிதர் என்று அந்தக் குழு அமைந்திருக்கும். பள்ளிகளில் இப்படி ஒரு குழு இருக்காது. ஆனால் ஒரு மருத்துவக் கல்லூரியோடோ பல்கலைக்கழகத்தோடோ ஒப்பந்தம் செய்துகொண்டு அவர்களின் குழுவை அணுகலாம். அங்கே இருக்கும் பேராசிரியர் ஒருவரை இணை ஆய்வாளராகச் சேர்த்துக்கொள்வது நடைமுறையில் எளிது.

ஒரு நல்ல இதழ் கட்டுரையை வாங்கும்போதே குழுவின் பெயர், ஒப்புதல் எண், தேதி மூன்றையும் கேட்கும். சிலர் அந்தக் கட்டத்தில் ‘பொருந்தாது’ என்று நிரப்பிவிடுகிறார்கள். வேறு சிலர் தெரிந்தவர் மூலம் முன்தேதியிட்ட கடிதம் வாங்கப் பார்க்கிறார்கள். இரண்டையும் செய்யாதீர்கள். நடந்து முடிந்த ஆய்வுக்கு முன்தேதியில் ஒப்புதல் கொடுக்கக் குழுவுக்கு அதிகாரம் கிடையாது. பின்னாளில் தெரியவந்தால் வெளியான கட்டுரையையே திரும்பப் பெறுவார்கள், அந்த அறிவிப்பு உங்கள் பெயரோடு என்றென்றும் நிற்கும்.

அப்படியானால் அந்த 186 தாள்களும் வீண்தானா? ஒரு வழி இருக்கிறது, அதற்கும் உறுதி சொல்ல முடியாது. ஆலோசகர் என்ற முறையில் உங்கள் அன்றாட வேலையின் பகுதியாகத்தான் அவற்றைத் திரட்டினீர்கள், ஆய்வு என்ற எண்ணம் பிறகுதான் வந்தது என்பது உண்மையாக இருந்தால், குழுவிடம் அதை அப்படியே எழுதுங்கள். ஏற்கனவே இருக்கும், அடையாளம் நீக்கப்பட்ட பதிவேடுகளை ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா என்று கேளுங்கள். குழு சம்மதிக்கலாம், மறுக்கவும் செய்யலாம். மறுத்தால் அவற்றைப் பூர்வாங்க அனுபவமாக வைத்துக்கொண்டு, முறையான ஒப்புதலோடு மறுபடி தொடங்குங்கள். முதல் சுற்றில் எந்தக் கேள்வி பிள்ளைகளுக்குப் புரியவில்லை, எங்கே நேரம் போதவில்லை என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். இரண்டாவது சுற்று நிச்சயம் மேலானதாக இருக்கும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. பிஎச்கியூ-9-இன் ஒன்பதாவது கேள்வி, கடந்த இரண்டு வாரங்களில் இறந்துவிட்டால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. ஆம் என்ற பக்கம் குறியிட்ட பிள்ளைகள் உங்கள் 186 பேரில் இருந்தார்களா? இருந்தால் அன்று என்ன செய்தீர்கள்? பெயர் இல்லாத தாளில் அந்தக் குழந்தையை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? இளையோர் நல இதழின் மதிப்பாய்வாளர் வேறு எதைக் கேட்காவிட்டாலும் இதைக் கேட்பார். நானே பலமுறை கேட்டிருக்கிறேன்.

பெயர் கேட்காவிட்டால் பிள்ளைகள் உண்மையைச் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் உதவி கேட்டு நீட்டிய கையைப் பிடிக்க நமக்கு வழி இருக்காது. இதற்கு நடைமுறையில் சில வழிகள் உண்டு. தாளில் எண் மட்டும் இருக்கட்டும், எண்ணுக்குரிய பெயர் உங்களிடம் மட்டும் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். ஒன்பதாவது கேள்விக்குக் குறியிட்டால் ஆலோசகர் உன்னைத் தனியாகச் சந்திப்பார் என்று இசைவுப் படிவத்திலேயே சொல்லிவிடுங்கள். தாள்களை அன்று மாலையே பிரித்துப் பாருங்கள். அல்லது ஒன்பதாவது கேள்வியை விட்டுவிட்ட எட்டுக் கேள்வி வடிவத்தைப் பயன்படுத்துங்கள். எந்த வழியானாலும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணும் 1098 என்ற சைல்டுலைன் குழந்தைகள் உதவி எண்ணும் அச்சிட்ட சீட்டு போகட்டும். பாலியல் துன்புறுத்தல் பற்றி ஒரு பிள்ளை எழுதினாலோ சொன்னாலோ, போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஆய்வாளர் என்பதால் விலக்கு இல்லை. ‘நீ சொல்வது எதுவும் வெளியே போகாது’ என்று படிவத்தில் எழுதினால் அது நிறைவேற்ற முடியாத வாக்குறுதி. எது வெளியே போகும் என்பதைப் பிள்ளைக்குப் புரியும் தமிழில் முன்பே எழுதிவிட வேண்டும்.

முதல் சுற்றுத் தாள்களில் அந்தக் குறி இருந்தால், கட்டுரையை ஒதுக்கி வைத்துவிட்டு, எந்த வகுப்பிலிருந்து வந்த தாள் என்று பார்த்து, அந்த வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக இந்த வாரமே சந்தித்துப் பேசுங்கள்.

இனி, அனுப்பிய பிறகு நடப்பது. எடிட்டரோ துணை எடிட்டரோ முதலில் மேலோட்டமாகப் பார்ப்பார். இதழின் எல்லைக்குள் வருகிறதா, ஒப்புதல் விவரம் இருக்கிறதா, வேறெங்கோ வந்ததை எடுத்து ஒட்டியிருக்கிறதா என்பதே அப்போதைய கவலை. வருவதில் கணிசமான பகுதி இங்கேயே திரும்பிவிடும். அதை டெஸ்க் ரிஜெக்ட் என்பார்கள். இரண்டு வாரத்தில் வரும் டெஸ்க் ரிஜெக்ட் உங்களுக்கு நல்லதுதான், ஆறு மாதம் காத்திருந்து அதே பதிலை வாங்குவதைவிட. ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். நம் ஊரில் இதைத் தப்பென்று நினைக்காதவர்கள் நிறைய இருக்கிறார்கள். உலகெங்கும் எல்லா முறையான இதழ்களும் இதைத் தடை செய்கின்றன.

தாண்டினால் மதிப்பாய்வு. இந்தத் துறையில் பரவலாக இருப்பது இரு தரப்புக்கும் பெயர் மறைக்கும் முறை. கட்டுரையில் பள்ளியின் பெயர், நன்றியுரை, ‘எங்கள் முந்தைய ஆய்வில்’ போன்ற சொற்றொடர்கள், கோப்பின் பண்புகளில் ஒளிந்திருக்கும் உங்கள் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அனுப்புங்கள். பிஎம்ஜே ஓப்பன் போன்ற சில இதழ்கள் நேர்மாறு. அங்கே மதிப்பாய்வாளர் பெயரும், அவர் எழுதிய அறிக்கையும், நீங்கள் எழுதிய பதிலும் கட்டுரையோடு சேர்ந்து வெளியாகும். புதிதாக எழுதுபவர்கள் அவற்றை எடுத்துப் படிக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். ஒரு கட்டுரை எப்படிச் செதுக்கப்படுகிறது என்பதை அதைவிட நன்றாக எந்த வகுப்பிலும் கற்க முடியாது.

மதிப்பாய்வாளர்களை நீங்களே பரிந்துரைக்கச் சில இதழ்கள் கேட்கும். உங்கள் வழிகாட்டியையோ கூட வேலை செய்தவரையோ போடாதீர்கள். பொய் மின்னஞ்சல் முகவரி கொடுத்துத் தாங்களே தங்களை மதிப்பாய்வு செய்துகொண்ட கூத்தில் பயோமெட் சென்ட்ரல் 2015-இல் ஒரே தடவையில் 43 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. ஹிந்தாவி என்ற வெளியீட்டாளரின் கதை இன்னும் பெரிது. சிறப்பிதழ்கள் வழியாக நுழைந்த மோசடியால் 2023-இல் மட்டும் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதனால் இப்போது எடிட்டர்கள் பரிந்துரைகளைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள்.

உங்கள் கட்டுரைக்கு வரக்கூடிய குறிப்புகளை இப்போதே சொல்ல முடியும். ‘செல்போன் மனச்சோர்வை உண்டாக்குகிறது’ என்று எழுதியிருப்பீர்கள். ஒரே நாளில் ஒரே முறை கேட்டதை வைத்து எது எதை உண்டாக்கியது என்று சொல்ல முடியாது. மனம் சோர்ந்த பிள்ளை செல்போனில் அடைக்கலம் தேடியிருக்கலாம். ‘அதிக நேரம் பயன்படுத்தியவர்களிடம் மதிப்பெண் கூடுதலாக இருந்தது’ என்று மட்டும் எழுதுங்கள். ‘இத்தனை சதவீதத்தினருக்கு மனச்சோர்வு நோய்’ என்றும் எழுதக்கூடாது. பிஎச்கியூ-9 என்பது சல்லடை, மருத்துவர் செய்யும் நோயறிதலின் இடத்தில் அதை வைக்க முடியாது. 27-க்குப் பத்தோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் இத்தனை பேர் என்பதே சரியான வாக்கியம். நீங்கள் பயன்படுத்திய தமிழ் வடிவம் யாருடையது, நம் பிள்ளைகளிடம் அது சோதிக்கப்பட்டதா என்றும் கேட்பார்கள். பிஎச்கியூ-9-ஐ யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். எல்லா அளவுகோல்களும் அப்படி இல்லை. பெக் மனச்சோர்வு அளவுகோலைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அனுமதியில்லாமல் நகலெடுத்து நடத்திய ஆய்வை இதழ்கள் ஏற்பதில்லை.

கணக்கெடுப்பு வகை ஆய்வுக்கு ஸ்ட்ரோப் என்ற 22 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பி இணைக்கச் சொல்வார்கள். எழுதி முடித்த பிறகு அதை நிரப்புவதைவிட, எழுதத் தொடங்கும் முன் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் யோகா வகுப்போ வாழ்க்கைத்திறன் பயிற்சியோ நடத்தி அதன் பலனை அளக்க நினைத்தால் அது சோதனை ஆய்வாகிவிடும். முதல் மாணவரைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும்.

‘மேஜர் ரிவிஷன்’, அதாவது பெரிய திருத்தம் தேவை, என்று பதில் வந்தால் மகிழுங்கள், கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே நகலெடுத்து அதன் கீழே உங்கள் பதிலையும், எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள். மதிப்பாய்வாளர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் மரியாதையோடு மறுக்கலாம். நானே என் குறிப்பைத் தவறென்று ஒப்புக்கொண்டு பின்வாங்கியிருக்கிறேன். ஏஐ கருவியால் ஆங்கிலத்தைச் சீர்செய்தால் அதைக் கட்டுரையில் சொல்லிவிடுங்கள். ஏஐயைக் கட்டுரையாளராகப் போட முடியாது என்பதில் கோப் எனப்படும் வெளியீட்டு நெறிமுறைக் குழு 2023 முதலே உறுதியாக இருக்கிறது. பிள்ளைகள் எழுதிய வரிகளை எந்த ஏஐ கருவிக்குள்ளும் போடாதீர்கள்.

பிள்ளைகள் எழுதிய வரிகள் என்றதும் இன்னொன்று. தாளின் கடைசியில் மனம் திறந்து எழுத இடம் விட்டதாகச் சொன்னீர்கள். அங்கே ‘மனசு பாரமா இருக்கு’ என்று ஒரு பெண் எழுதியிருந்தால், ஆங்கிலத்தில் ‘நான் டிப்ரஷனில் இருக்கிறேன்’ என்று மொழிபெயர்க்காதீர்கள். அவள் சொன்னது அது இல்லை. மூலத் தமிழையும் பக்கத்தில் கொடுங்கள், நல்ல இதழ்கள் அனுமதிக்கும். இன்ன ஊர், இன்ன வகுப்பு, அப்பா லாரி ஓட்டுநர், அம்மா பிரிந்து போய்விட்டார் என்று நான்கு விவரம் சேர்ந்தால் பெயர் தேவையே இல்லை, ஊருக்கே தெரிந்துவிடும். ஓப்பன் அக்செஸ் என்பதால் அதை அவளுடைய சித்தப்பாவும் படிக்கலாம், பத்து வருடம் கழித்து அவளும் படிக்கலாம். தரவைப் பொதுவில் வைக்கச் சொல்லும் இதழ்கள் இருக்கின்றன. சிறுவர் பற்றிய நுண்விவரங்கள் என்பதால் கேட்பவருக்கு மட்டும் நிபந்தனையோடு தருவோம் என்று எழுதினால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

கட்டுரையை மற்றவர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமத்தில் சிசி பை (CC BY) என்று இருந்தால், மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம். உங்கள் கட்டுரையை நீங்களே தமிழில் சுருக்கிப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். எனக்கு இந்த உரிமம் பிடிப்பதற்குக் காரணமே இதுதான். தாள் நிரப்பிய பிள்ளைகளின் வீட்டுக்கு முடிவுகள் அவர்கள் மொழியில் போய்ச் சேரும்.

நெறிமுறைக் குழுக்கள் பல, சில மாதங்களுக்கு ஒருமுறைதான் கூடும். விண்ணப்பத்தோடு ஆய்வுத் திட்டம், தமிழில் பெற்றோர் ஒப்புதல் படிவம், மாணவர் இசைவுப் படிவம், வினாத்தாள், ஒன்பதாவது கேள்விக்கான உங்கள் திட்டம் எல்லாம் வேண்டும். இந்த மாதம் எழுதத் தொடங்கினால், பொதுத்தேர்வு நெருக்கடி இல்லாத ஒரு பருவத்தில் மறுபடி வகுப்புக்குள் போக முடியும். இசைவுப் படிவத்தின் முதல் வரைவை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்க்கிறேன்.